கைத்தொலைபேசி ஏன் அந்த வழியைக் காட்டியது?

சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஐப்பசி மாத இரவு. வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் மூன்று குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் தோட்டத்துப் பப்பாசிப் பழங்களைத் தம்புள்ளைச் சந்தைக்கு அனுப்ப ஒரு லொறியை வாடகைக்குப் பிடித்தன. பழங்களைக் கடதாசியில் சுற்றி, வைக்கோல் பரப்பி, மிகக் கவனமாக அடுக்கினார்கள். சாரதி வெளிமாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர். ஏ-9 வீதியின் ஒவ்வொரு முடக்கும் அவருக்குத் தெரியும். எமது கிராமத்து வீதிகளையோ அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

கிராமத்திலிருந்து ஏ-9 வீதிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பள்ளிக்கூடத்தடியால் போகும் கிரவல் வீதி. அது சுற்றுத்தான், ஆனால் மேட்டுநிலம். மற்றது குளத்தின் கீழ்ப்புறமாக வயல்களுக்கு நடுவே போகும் உள்வீதி. அது கிட்ட, ஆனால் மழை தொடங்கிவிட்டால் ஊரவர் எவரும் அதில் வாகனம் விடமாட்டார்கள். கைத்தொலைபேசி உள்வீதியையே காட்டியது. நான்கு நிமிடம் மிச்சம் என்றும் சொன்னது. இரவு பத்து மணியளவில் மதகடியில் பின்சில்லுகள் புதைந்தன. நாம் ஓர் உழவு இயந்திரத்தைத் தேடிப் பிடித்து, நாலு பேரோடு போய் லொறியை இழுத்தெடுத்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. சந்தைக்குப் போய்ச் சேர்ந்த நேரம் வாங்குகிறவர்கள் கலைந்துவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு பழம் நசுங்கிப்போயிற்று. மிச்சத்தைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். திரும்பவும் சொந்தக் காணிக்கு வந்தபின் அந்தக் குடும்பங்கள் கண்ட முதற்பலன் அது.

நட்டம் யாருடையது என்ற வழக்கு எம்மிடம் வந்தது. "பாதர், போன் காட்டின வழியாலதான் போனனான். நான் என்ன செய்யிறது?" என்றார் சாரதி. "தம்பி, வாசலிலதானே நாங்கள் எல்லாரும் நிண்டனாங்கள். எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் தோட்டத்துக்காரி. சாரதி வாடகையில் பாதியை விட்டுக்கொடுத்தார். விடயம் ஒருவாறு முடிந்தது. ஆனால் இரு பகுதியினருக்கும் அடியில் ஒரு கேள்வி இருந்தது: போன் ஏன் அந்த வழியைச் சொன்னது? "அது பொய் சொல்லிப்போட்டுது" என்றார் ஒருவர். "அதுக்கு மேல இருந்து எல்லாம் தெரியும், எங்கட வீதிதான் பிழை" என்றார் இன்னொருவர். இரண்டுமே சரியல்ல. பின்னர் சாரதிகளையும் விவசாயிகளையும் வாசிகசாலைக்கு அழைத்து மூன்று மாலைகள் இதைப் பற்றிப் படித்தோம். அங்கே பேசியவற்றையே இங்கு எழுதுகிறோம்.

புளியங்கொட்டைக் கணக்கு

நாம் வரைபடம் என்று பார்ப்பது வேறு, கணினி வைத்திருப்பது வேறு. எமக்குப் பச்சை நிறக் காடும் நீல நிறக் குளமும் தெரிகின்றன. வழி தேடும்போது கணினிக்கு இவை எவையும் வேண்டியதில்லை. அதனிடம் இருப்பவை புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். சந்தி ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. இரு சந்திகளுக்கு இடைப்பட்ட வீதித்துண்டு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்தத் துண்டைக் கடக்க எத்தனை நிமிடம் செல்லும் என்பதே அந்த எண். புறப்படும் புள்ளியிலிருந்து போய்ச்சேரும் புள்ளிவரை எந்தக் கோடுகளைக் கூட்டினால் மிகக் குறைந்த தொகை வருமோ, அதுவே போன் காட்டும் நீலக்கோடு. தூரம் குறைந்த வழி என்று பலர் நினைப்பது தவறு. நேரம் குறைந்த வழியையே பெரும்பாலும் அது தேடுகிறது. சில வேளைகளில் அது எம்மைப் பத்துக் கிலோமீற்றர் சுற்றிப் போகச் சொல்வதும், சில வேளைகளில் ஒரு நிமிடத்துக்காக முள்வேலி ஒழுங்கைக்குள் திருப்பிவிடுவதும் இதனால்தான்.

வாசிகசாலைத் தரையில் இதைச் செய்து பார்த்தோம். வீட்டிலும் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். ஐந்து இடங்களைச் சோக்கட்டியால் குறியுங்கள்: வீடு, குளக்கட்டு, பள்ளிக்கூடம், ஆலடிச் சந்தி, சந்தை. இனி அவற்றைக் கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு கோட்டிலும் நிமிடத்துக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை வையுங்கள். வீட்டிலிருந்து குளக்கட்டுக்கு 4, வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு 10, குளக்கட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு 3, குளக்கட்டிலிருந்து ஆலடிக்கு 12, பள்ளிக்கூடத்திலிருந்து ஆலடிக்கு 4, பள்ளிக்கூடத்திலிருந்து நேரே சந்தைக்கு 11, ஆலடியிலிருந்து சந்தைக்கு 5.

இப்போது கணினி எப்படி நடக்கும் என்று பாருங்கள். அது எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பதில்லை. முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் மிகக் கிட்ட உள்ள இடத்தை முடிவு செய்கிறது: குளக்கட்டு, 4. அங்கே நின்று பார்க்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நேரே போனால் 10 என்று எழுதியிருந்தோம். குளக்கட்டால் போனால் நாலும் மூன்றும் ஏழு. ஆகவே பத்தை அழித்து ஏழு என்று எழுதுகிறது. ஆலடிக்கு 16 என்று எழுதி வைக்கிறது. அடுத்துக் கிட்ட உள்ள இடம் பள்ளிக்கூடம், 7. அங்கே நின்று பார்த்தால் ஆலடிக்கு 11தான்; பதினாறை அழிக்கிறது. சந்தைக்கு 18 என்று எழுதுகிறது. அடுத்தது ஆலடி, 11. அங்கிருந்து சந்தைக்குப் 16, பதினெட்டும் அழிகிறது. முடிவு: வீடு, குளக்கட்டு, பள்ளிக்கூடம், ஆலடி, சந்தை, பதினாறு நிமிடம். எழுதுவதும், அதைவிடக் குறைவாகக் கிடைத்தால் அழித்துத் திருத்துவதும்தான் முழு வேலையும்.

இந்த முறையைக் கண்டவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956இல், தாம் மணக்கவிருந்த பெண்ணோடு ஆம்ஸ்ரர்டாம் நகரில் கடைக்குப் போய்க் களைத்து, ஒரு கோப்பிக் கடையின் வெளியே உட்கார்ந்திருந்தபோது, கடதாசியோ பென்சிலோ இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்து முடித்ததாக அவரே பின்னர் கூறியிருக்கிறார். ரொட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குப் போக மிகக் குறுகிய வழி எது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 1959இல் அது அச்சில் வந்தது. கைத்தொலைபேசியைக் கனவிலும் காணாத காலம் அது. இன்றைய செயலிகள் இதே அடித்தளத்தில் நின்று, வேகத்துக்காகப் பல குறுக்குவழிகளைச் சேர்த்துக்கொண்டுள்ளன. 1968இல் அமெரிக்காவில் மூவர், போகவேண்டிய திசையை முன்னரே கணித்துத் தேடும் முறையைச் சேர்த்தார்கள். 2008இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகர ஆய்வாளர்கள், முக்கிய சந்திகளுக்கு இடையிலான கணக்கை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளும் முறையை வெளியிட்டார்கள். கிளிநொச்சியிலிருந்து கண்டிக்குப் போகிறவர் இடையிலுள்ள ஒழுங்கை ஒவ்வொன்றையும் யோசிப்பதில்லை அல்லவா? முதலில் ஏ-9க்கு ஏறு, பிறகு பார்ப்போம் என்கிறோம். ஏறத்தாழ அப்படித்தான்.

கோடு ஒன்று கூடினாலோ குறைந்தாலோ முடிவு முழுவதும் மாறிவிடும். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு கோடு இல்லாதபோது பூநகரி லொறி பரந்தனுக்குப் போய், ஆனையிறவால் சுற்றித்தான் யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்தது. வேறோர் ஊரில் இதன் மறுபக்கத்தைக் கண்டோம். இரண்டு வீதிகள் சந்திக்கும் இடத்தில் வரைந்தவர் கோடுகளை இணைக்காமல் விட்டிருந்தார். கண்ணுக்குச் சந்தி தெரிகிறது. கணினிக்கு அங்கே திரும்ப வழி இல்லை. ஒரு மயிரிழை இடைவெளிக்காக அது எல்லோரையும் ஊரைச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.

நிமிடங்களை யார் கொடுத்தது?

இனித்தான் முக்கியமான கேள்வி. புளியங்கொட்டைகளை நாம் கையால் வைத்தோம். போனுக்கு அவற்றை வைத்தது யார்?

மேலே செய்மதி இருந்து எம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது அப்படியல்ல. ஏறத்தாழ இருபதாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகள் நேரத்தையும் தாம் இருக்கும் இடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன, வானொலிபோல. நான்கு செய்மதிகளின் ஒலிபரப்பு வந்துசேர எடுத்த நேரத்தை ஒப்பிட்டு, நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் கைத்தொலைபேசியே கணித்துக்கொள்கிறது. நாம் வானொலி கேட்பது வானொலி நிலையத்துக்குத் தெரியாததுபோல, செய்மதிக்கும் எம்மைத் தெரியாது.

தெரிந்திருப்பது செயலியை நடத்தும் நிறுவனத்துக்கு. கணித்த இடத்தைப் போன் இணையத்தின் வழியாக நிறுவனத்துக்கு அனுப்புகிறது. ஒரு வீதித்துண்டில் பத்துப் போன்கள் வேகமாக நகர்ந்தால் வீதி வெறுமை, ஊர்ந்தால் நெரிசல். கூகிள் நிறுவனம் 2009 முதல் இப்படிச் சேர்த்துவருகிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இந்தத் துண்டில் வழக்கமாக என்ன வேகம், ஞாயிறு மாலை என்ன வேகம் என்று பழைய கணக்கும் உண்டு. பழைய கணக்கையும் இந்நேரத்து வேகத்தையும் சேர்த்தே நிமிடங்கள் போடப்படுகின்றன. ஒரே வழியைக் காலையில் கேட்டவருக்கும் மாலையில் கேட்டவருக்கும் வேறு வேறு பதில் கிடைப்பதன் காரணம் இதுவே. எமது தரைக்கணக்கிலேயே பாருங்கள்: சந்தை நாளில் ஆலடியிலிருந்து சந்தைக்குள்ள 5 நிமிடம் 12 ஆகிவிட்டால், ஆலடி வழி 23 ஆகிறது, பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போகும் 18 நிமிட வழி முன்னுக்கு வந்துவிடும்.

2020இல் பேர்லின் நகரில் சைமன் வெக்கேர்ட் என்ற கலைஞர் ஒரு வேடிக்கை செய்தார். 99 கைத்தொலைபேசிகளை ஒரு சிறு கைவண்டியில் போட்டு, வெறுமையான வீதியில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். கூகிள் மப்பில் அந்த வீதி சிவந்துவிட்டது. அதற்குத் தெரிந்தது மெதுவாக நகரும் 99 போன்கள். அவை வாகனங்களா, வண்டியில் கிடப்பவையா என்று அதற்குத் தெரியவில்லை. இதைச் சொன்னபோது வாசிகசாலையில் எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வாங்கில் இருந்த முதியவர் ஒருவர் மட்டும், "அப்ப எங்கட பக்கத்தால போன் கொண்டு ஒருத்தரும் போகாட்டி?" என்று கேட்டார். அந்த மூன்று மாலைகளிலும் கேட்கப்பட்ட கேள்விகளுள் மிகச் சிறந்தது அது.

யாரும் போகாத வீதி

போன்கள் போகாத வீதிக்கு அளந்த நிமிடம் இல்லை. இத்தகைய செயலிகள் அங்கே பொதுவாக ஓர் உத்தேச வேகத்தையே வைத்துக்கொள்கின்றன. வரைபடத்தில் அந்தக் கோட்டுக்கு என்ன வகை எழுதப்பட்டிருக்கிறதோ, அதைப் பொறுத்தது அந்த உத்தேசம். பிரதான வீதி என்றால் ஒரு வேகம், சிறுவீதி என்றால் ஒரு வேகம். அதை வரைந்தவர் யார்? வரைபடங்களின் பெரும்பகுதி வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, தொலைவில் இருப்பவர்களாலோ கணினியாலோ வரையப்படுகிறது. வானிலிருந்து பார்க்கும்போது கோடைகாலத்து வாய்க்கால் கரையும் வண்டிப்பாதையும் கிரவல் வீதியும் ஒரே மாதிரி மண்ணிறக் கோடுகள். முகில் இல்லாத நாளில்தான் நல்ல படம் கிடைக்கும். எமது பகுதியில் முகில் இல்லாத நாள் என்றால் மழை இல்லாத காலம். ஆகவே உலகத்துக்கு எமது கிராமம் எப்போதும் காய்ந்த கிராமம். அந்தப் பப்பாசி லொறி புதைந்த உள்வீதியும் படத்தில் பார்க்க அழகான நேர்கோடுதான். நாமும் பின்னர் எடுத்துப் பார்த்தோம்.

நெடுங்காலம் ஆட்கள் இல்லாதிருந்த ஊர்களுக்கு இது இரட்டிப்புச் சிக்கல். ஊர் வெறுமையாகக் கிடந்த வருடங்களில் பழைய வீதி காடு மூடிப்போயிற்று. படத்தில் தெரியாததால் வரைபடத்தில் இல்லை. இராணுவத் தேவைக்கு வெட்டிய பாதை தெரிகிறது; அது வரைபடத்தில் உண்டு, ஆனால் இன்று அதில் போகலாமா என்பது வேறு விடயம். 1990இலிருந்து மூடப்பட்டிருந்த வசாவிளான் - பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணிவரை மட்டும், இடையில் நிறுத்தக்கூடாது, நடந்து போகக்கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் திறக்கப்பட்டது. பலகையில் எழுதியதை எவராவது வரைபடத்திலும் எழுதினாலன்றி போனுக்கு அது தெரியவராது. கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்களும் எமது மாவட்டங்களில் இன்னும் உண்டு. சிவப்புப் பலகையைக் கண்டால் போன் என்ன சொன்னாலும் நின்றுவிடுங்கள். இதில் வாதத்துக்கு இடமில்லை.

முன்னால் ஒருவர் போகிறார் என்பதை நம்பியும் ஏமாறலாம். 2019 ஜூன் மாதம் அமெரிக்காவின் டென்வர் நகர விமானநிலையத்துக்குப் போகும் வீதியில் ஒரு விபத்து நடந்தது. கூகிள் மப் மாற்று வழி ஒன்றைக் காட்டியது. அது மண்வீதி; மழையில் சேறாகிக் கிடந்தது. முன்னால் போன கார் புதைய, பின்னால் வந்தவை திரும்ப இடமின்றி நிற்க, ஏறத்தாழ நூறு கார்கள் அங்கே அகப்பட்டன. அத்தனை வசதியுள்ள நாட்டிலும் அதே சேறு, அதே கதை. எமது சாரதித் தம்பிக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்ததைக் கண்டோம்.

அதற்குத் தெரியாதவை

பாரம் அதற்குத் தெரியாது. நாம் சாதாரணமாகப் பாவிக்கும் கூகிள் மப்பில் கார் என்றோ நடை என்றோ சொல்லலாம். லொறி என்று சொல்ல இடமில்லை. ஐந்து தொன் ஏற்றிய வாகனத்துக்கும் வெறும் காருக்கும் அது ஒரே வழியைத்தான் காட்டும். மதகு தாங்குமா, தொங்கும் மின்கம்பியில் படங்கு முட்டுமா, லான்ட்மாஸ்டர் பெட்டியோடு அந்த முடக்கில் திரும்பலாமா என்பவை அதன் கணக்கில் இல்லை. பப்பாசிக்குக் குலுக்கம் கூடாது, நெல்மூடைக்குக் கவலை இல்லை என்பதும் தெரியாது. மாலை ஆறு மணிக்குப் பின் யானை இறங்கும் வீதி எது என்று ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும், போனுக்குத் தெரியாது. குளம் வான் பாய்ந்தால் எந்தப் பாதை முதலில் மூழ்கும் என்பதும் அவ்வாறே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் பல வீதிகளையும் பாலங்களையும் உடைத்தபோது, எவ்வழி திறந்திருக்கிறது என்பதை ஆட்கள் ஆட்களிடம் கேட்டே அறிந்துகொண்டார்கள்.

தரைக்கணக்கில் மழையையும் பெய்வித்துப் பார்த்தோம். குளக்கட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள்ள 3 நிமிடம் 13 ஆகட்டும். இப்போது வீட்டிலிருந்து நேரே பள்ளிக்கூடம் 10, ஆலடி 14, சந்தை 19. மூன்று நிமிடம் கூடுதலான மேட்டுவழியே சரியான வழி. மழை பெய்ததை அறியாத போன் 16 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அது கூட்டியதில் பிழையில்லை. கொட்டையை வைத்ததில்தான் பிழை.

சாரதிகளும் விவசாயிகளும்

சாரதிகளுக்கு நாம் சொன்னவை சில. புறப்படுமுன் முழுக் கோட்டையும் விரித்துப் பாருங்கள். அடுத்த முடக்கை மட்டும் பார்த்து ஓடாதீர்கள். மற்றைய வழி மங்கலான நிறத்தில் தெரியும். எத்தனை நிமிடம் கூட என்றும் எழுதியிருக்கும். நான்கைந்து நிமிடந்தான் வித்தியாசம் என்றால் பெரிய வீதியைப் பிடியுங்கள். அதன் நிமிடங்கள் பலர் ஓடி அளந்தவை. சிறுவீதியினுடையவை பெரும்பாலும் உத்தேசம். உங்களுக்கு விருப்பமான சந்தியை இடைத்தரிப்பாகச் சேர்த்தால் போன் அதனூடாகவே வழியைப் போடும். சிக்னல் இல்லாத இடங்களுக்கு வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். செய்மதி ஒலிபரப்புக்கு இணையம் தேவையில்லை என்பதால் நீங்கள் நிற்கும் இடம் தெரியும். வீதி நெரிசல் மட்டும் தெரியாது. ஓடும்போது "வேகமான வழி கிடைத்தது" என்று அது திருப்பப் பார்க்கும். பாரத்தோடு, இரவில், தெரியாத இடத்தில் அந்த அழைப்புக்கு இணங்க வேண்டியதில்லை.

விவசாயிகளும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த வழக்கில் குற்றம் முழுவதும் சாரதியுடையது என்று நாம் அன்றும் நினைக்கவில்லை. "வட்ஸ்அப்பில் லொக்கேசன் போட்டனாங்கள்தானே" என்று இருந்துவிடுகிறோம். வீட்டு வாசலின் இடத்தை அனுப்பினால் அதற்கு எந்த வழியால் வருவது என்பதைப் போன் தெரிவு செய்யும். அதற்குப் பதிலாக, தார் வீதியிலிருந்து திரும்பவேண்டிய சந்தியின் இடத்தை அனுப்பி, "அதில நில்லுங்கோ, நாங்கள் வாறம்" என்று சொல்லுங்கள். ஒரு பையன் சைக்கிளில் முன்னால் போனாலே போதும். திரும்பிப் போகும் வழியையும் பாரம் ஏற்றுமுன் பேசி முடியுங்கள். ஏற்றியபின் எல்லோருக்கும் அவசரம்.

நாமே கோடு போடலாம்

2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பின் ஸ்ட்ரீட் மப் என்ற வரைபடம் எவரும் திருத்தக்கூடியது. அதில் எழுதுவதற்குக் கட்டணம் இல்லை. 2010 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டைப் பூகம்பம் அழித்தபோது, உலகெங்கும் இருந்த தொண்டர்கள் சில நாட்களில் அதன் தலைநகரத்து வீதிகளை இதில் வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் பணியாளர் அதைக் கொண்டுதான் வழி கண்டார்கள். கூகிள் மப்பிலும் பிழையான வீதியைப் பற்றி அறிவிக்க இடமுண்டு. ஆனால் ஏற்பதும் விடுவதும் அவர்கள் முடிவு. ஓப்பின் ஸ்ட்ரீட் மப்பில் போடும் திருத்தம் கூகிளுக்குப் போகாது என்பதையும் சொல்லவேண்டும். அவை வேறு வேறு வரைபடங்கள். இரண்டிலும் செய்தால் நல்லது.

எமது இளைஞர் ஆறு பேர் இரண்டு வார இறுதிகளில் சைக்கிளில் போய் ஊரின் வீதிகளை எழுதினார்கள். கிரவல், மண், தார் என்று வகை எழுதினார்கள். மதகின் அகலத்தை நாடா பிடித்து அளந்தார்கள். லொறி புதைந்த அந்த உள்வீதிக்கு "மாரியில் வாகனம் போகாது" என்ற பொருள்படக் குறிப்பிட்டார்கள். வரைபடத்தில் வாய்க்கால் கரை ஒன்று வீதியாகக் கிடந்தது, அதை மாற்றினார்கள்.

தயங்கியவர்களும் இருந்தார்கள். "எங்கட ஊர் இப்பிடி எல்லாருக்கும் தெரியிறது நல்லதோ?" என்று ஒரு தாய் கேட்டார். எத்தனையோ சோதனைச் சாவடிகளில் எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய் என்று பதில் சொல்லி வாழ்ந்தவர் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. போனில் இடத்தைக் காட்டுவதை நிறுத்தி வைக்கும் முறையை அவருக்குக் காட்டிக்கொடுத்தோம். பொது வீதிகளை மட்டும் எழுதுவது, வீட்டுக்காரர் பெயர் எதையும் போடுவதில்லை என்று எல்லோருமாகத் தீர்மானித்தோம்.

கடைசி மாலை, அந்தக் கடைசி வாங்கு முதியவர் திரும்பவும் எழுந்தார். அவருடைய சொந்த ஊர் இன்னும் விடப்படவில்லை. உறவினர் காணியில் ஒரு கொட்டிலில் இருக்கிறார். "எங்கட ஊர் ஒழுங்கையளையும் இதில போடலாமோ? உள்ளுக்குப் போக விடாட்டிலும் பேரையெண்டாலும் எழுதலாந்தானே" என்று கேட்டார். அந்த வரைபடத்தின் விதி, இன்று நிலத்தில் போய்ப் பார்க்கக்கூடியதை மட்டுமே எழுதவேண்டும் என்பது. அதை அவருக்குச் சொல்வது எமக்குச் சுலபமாக இருக்கவில்லை. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப கடதாசியில கீறுவம்" என்றார்.

வாசிகசாலைப் பொறுப்பாளர் பழைய நாட்காட்டித் தாள்கள் நாலைப் பின்புறம் வெளியே தெரிய ஒட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் பேனையோடு சுற்றி உட்கார்ந்தார்கள். முதியவர் விரலை வைத்து, "இதுதான் பனையடி ஒழுங்கை. இதால வந்தால் முதல் எங்கட கிணறு" என்று தொடங்கினார்.